ஸ்டாட்டினை நிறுத்தி நாற்பது நாள். செய்தது தவறா?

மரநிழல்:
வயது 52. நெஞ்சுவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. சும்மா எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 168. மருத்துவர் ரிப்போர்ட்டை அரை நிமிடம் பார்த்தார், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான ரோசுவாஸ்டாட்டின் 10 எழுதினார், "விடாமல் போடணும்" என்றார். மூன்றாவது வாரம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மாடி ஏறினால் கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருந்தது. அட்டையில் நாலு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட்டேன். வலி குறைந்தது. இப்போது காலையில் ஓட்ஸ், இரவில் இசப்கோல், கொஞ்சம் பாதாம், ஒரு மணி நேர நடை. நேற்று எல்டிஎல் 131. மாத்திரை இல்லாமலே இவ்வளவு இறங்குகிறது என்றால் மாத்திரை எதற்கு? செரிவாஸ்டாட்டின் என்ற இதே வகை மருந்தைத் தசை சிதைந்து ஆட்கள் செத்த பிறகுதானே 2001இல் திரும்பப் பெற்றார்கள்?

கணக்கன்:
131 நல்ல எண், உழைத்து வாங்கியிருக்கிறீர்கள். செரிவாஸ்டாட்டின் கதையும் உண்மை. ஆனால் கால்வலி பற்றி ஒரு சோதனையைச் சொல்கிறேன். 2020இல் வெளியானது, பெயர் சாம்சன். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்ட 60 பேர். ஆளுக்குப் பன்னிரண்டு புட்டி, மாதம் ஒன்று. நாலில் ஸ்டாட்டின், நாலில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, நாலு காலிப் புட்டி. தினமும் உபாதைக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். காலிப் புட்டி மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4.

மரநிழல்:
அதாவது என் வலி கற்பனை என்கிறீர்கள்.

செவ்வந்தி:
அவர் அப்படிச் சொல்லவில்லை சார். வெற்று மாத்திரை போட்டவர்களுக்கும் நிஜமாகவே வலித்தது. வலி எதனால் வந்தது என்பதுதான் கேள்வி. ஸ்டாட்டினால் நிஜமாகத் தசை பாதிக்கப்படுகிறவர்களும் உண்டு, எண்ணிக்கை குறைவு, அவ்வளவுதான். நிறுத்துவதற்கு முன் சிபிகே (தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தார்களா? தைராய்டு? தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும், தசையும் வலிக்கும். இரண்டுக்கும் ஒரே காரணமாக இருந்து, நாம் இங்கே மருந்தை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம்.

வேர்பிடி:
வழக்கம்போல இங்கிலீஷ் மருந்துக்கு வக்காலத்து. அடோர்வாஸ்டாட்டின் விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? "மாரடைப்பு அபாயம் 36 சதவீதம் குறைகிறது" என்று பெரிய எழுத்தில். கீழே பொடி எழுத்தில் என்ன? வெற்று மாத்திரை போட்டவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு மாரடைப்பு, மருந்து போட்டவர்களில் 2 பேருக்கு. நூறு பேர் மூன்று வருஷத்துக்கு மேல் விழுங்கினால் ஒருவர் தப்பிக்கிறார். போதாததற்குச் சர்க்கரை வரும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுகிறது. நான் மூன்று வருஷமாகச் சிவப்பு ஈஸ்ட் அரிசி (பூஞ்சை சேர்த்துப் புளிக்கவைத்த அரிசி) மாத்திரைதான் எடுக்கிறேன். இயற்கை. ஒரு தொல்லையும் இல்லை.

கணக்கன்:
விளம்பரம் பற்றிச் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன், 36 என்று போட்டது வியாபாரத் தந்திரம்தான். ஆனால் அந்தச் சோதனையில் இருந்தவர்கள் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், பெரும்பாலோருக்கு இதயநோய் இல்லை. ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களிடம் கணக்கு வேறு. 1994இல் வெளியான ஒரு சோதனையில் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 பேரை ஐந்து வருஷத்துக்கு மேல் பார்த்தார்கள். வெற்று மாத்திரைப் பக்கம் 256 சாவு, சிம்வாஸ்டாட்டின் பக்கம் 182. இது பொடி எழுத்து இல்லை.

அப்புறம் உங்கள் சிவப்பு ஈஸ்ட் அரிசி. அதில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருளின் பெயர் மோனகோலின் கே. அதுவும் லோவாஸ்டாட்டினும் ஒரே மூலக்கூறு. 1970களில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து முதல் ஸ்டாட்டினைப் பிடித்ததே ஒரு பெனிசிலியம் பூஞ்சையில்தான். மூன்று வருஷமாக நீங்களும் ஸ்டாட்டின்தான் சாப்பிடுகிறீர்கள் நண்பரே. என்ன, ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று உங்களுக்குத் தெரியாது, மருத்துவர் எழுதும் ஸ்டாட்டினில் அது தெரியும்.

வேர்பிடி:
தெரிந்தேதான் எடுக்கிறேன். முழு உணவில் இருக்கும்போது உடம்பு ஏற்கும் விதமே வேறு.

கணக்கன்:
எந்தச் சோதனையில் பார்த்தார்கள்? 2022இல் மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள், பட்டை, தாவர ஸ்டெரால், உங்கள் ஈஸ்ட் அரிசி, ஆறையும் ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராமுடன் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருந்து எல்டிஎல்லைச் சுமார் 38 சதவீதம் இறக்கியது. ஆறில் ஒன்றுகூட வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை.

வேர்பிடி:
அதற்குப் பணம் கொடுத்தது யார்? ரோசுவாஸ்டாட்டினை விற்ற அதே கம்பெனி. நடந்தது 28 நாள். இதையும் எழுதியிருக்கலாமே.

கணக்கன்:
எழுதியிருக்கணும். சரி.

மரநிழல்:
நீங்கள் இருவரும் டப்பா மாத்திரையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். 2003இல் டேவிட் ஜென்கின்ஸ் குழு ஓட்ஸ், பார்லி, சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் எல்லாம் சேர்த்து ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தது. எல்டிஎல் 28.6 சதவீதம் இறங்கியது. லோவாஸ்டாட்டின் கொடுத்தவர்களுக்கு 30.9. கிட்டத்தட்ட சமம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கணக்கன்:
நல்ல ஆய்வு, மறுக்க மாட்டேன். 46 பேர், சாப்பாட்டையும் ஆய்வாளர்களே கையில் கொடுத்தார்கள். அதே குழு 2011இல் ஆலோசனை மட்டும் சொல்லி வீட்டுக்கு அனுப்பி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இறங்கியது சுமார் 13 சதவீதம். அதுவும் சும்மா இல்லை. ஆனால் நீங்கள் 22 சதவீதம் இறக்கியிருப்பது நாற்பது நாள் வைராக்கியத்தில். ஆறாவது மாதம் இதே எண் நின்றால் நானே வந்து பாராட்டுகிறேன்.

செவ்வந்தி:
மரநிழல் சார், 131 போதுமா போதாதா என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. புகை உண்டா? பிரஷர், சுகர்? வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு?

மரநிழல்:
புகை இல்லை. பிரஷர் ஓரத்தில் நிற்கிறது, 138. அண்ணனுக்கு 48 வயதில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

கணக்கன்:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டாமா? அண்ணனுக்கு 48இல் அடைப்பு என்றால் உங்களை அந்த "நூற்றுக்கு ஒருவர்" கணக்கில் சேர்க்க முடியாது. நடை, ஓட்ஸ் எல்லாம் இருக்கட்டும். ஆனால் கூட மருந்து வேண்டுமா என்று யாரிடமாவது உட்கார்ந்து பேசுங்கள். ஒரு ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு ஒன்று, குறைந்த அளவு, இல்லை ஸ்டாட்டின் வகையில் சேராத எசெடிமிப் என்று வழி இருக்கிறது.

வேர்பிடி:
பேசலாம். அரை நிமிடம் பார்க்கிறவரிடம் வேண்டாம். இதில் மட்டும் கணக்கனும் நானும் ஒரு கட்சியாக இருப்போம் என்று நினைக்கிறேன்.

மரநிழல்:
இன்று காலை சிபிகே, தைராய்டு இரண்டுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டேன். வேறு மருத்துவரிடம் வெள்ளிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இடது கெண்டைக்கால் இன்னும் சாயங்காலம் பிடிக்கத்தான் செய்கிறது. முதல் பதிவில் எழுதவில்லை.