கெந்திங் மலை ஏறும்போது அந்த ஓ.டி. பட்டனை அமுக்கணுமா, விடணுமா?

செந்தூல்_கொரோலா எழுதியது:

அப்பா விட்டுப்போன 1997 கொரோலா என்னிடம் இருக்கிறது. 1.6, நாலு கியர் ஆட்டோ. நான் ஓட்டப் பழகியது கான்சில் மேனுவலில். அதனால் ஆட்டோ என்றால் டி-யில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வதுதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

போன மாதம் பள்ளி விடுமுறையில் மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகளோடு கெந்திங் போனோம். கோம்பாக் டோல் தாண்டி காராக் நெடுஞ்சாலையில் ஏற்றம் தொடங்கியதும் வண்டி ஒரு நிலையில் நிற்கவில்லை. 90-இல் போகும்போது நிமிடத்துக்கு இன்ஜின் சுற்று (ஆர்.பி.எம்.) 2,300. எண்ணெய் பெடலைக் கொஞ்சம் அதிகமாக மிதித்தால் ஒரு குலுக்கலோடு 3,300-க்குப் போகும். காலைச் சற்று எடுத்தால் மறுபடி இறங்கும். கெந்திங் செம்பா வரை இதே கதை. பின்சீட்டில் மாமியார் "ஏன் தம்பி, வண்டிக்கு விக்கலா?" என்று கேட்டுவிட்டார்.

கியர் தண்டின் பக்கவாட்டில், கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு சின்னப் பட்டன் உண்டு. தெரியாமல் கை பட்டதும் டேஷ்போர்டில் மஞ்சளாக "ஓ.டி. ஆஃப்" என்று விளக்கு எரிந்தது. ஏதோ பழுது என்று பயந்து திரும்ப அமுக்கி அணைத்துவிட்டேன்.

பெரிய பயம் இறங்கும்போதுதான். உச்சியிலிருந்து டி-யிலேயே, பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினேன். சின் சுவீ கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு வாடை. "யார் இந்த மலையில் சிரட்டை எரிக்கிறது?" என்றார் மாமியார். யாரும் எரிக்கவில்லை, எங்கள் வண்டிதான். பிரேக்கை மிதித்தால் வழக்கத்தைவிட ஓர் அங்குலம் ஆழமாகப் போனது. எப்படியோ கோத்தோங் ஜெயாவில் ஓரம் கட்டி, நாற்பது நிமிடம் ஆறவிட்டுத்தான் வீடு வந்தோம்.

மச்சான் சொல்கிறான், அந்தப் பட்டனைத் தொட்டால் கியர்பாக்ஸ் போய்விடும் என்று. மனைவியின் சித்தப்பாவோ, எப்போதும் ஆஃபில் வை, அப்போதுதான் பவர் என்கிறார். இவர்கள் இரண்டு பேரும் கல்யாணப் பந்தியில் உப்பு எவ்வளவு என்பதில்கூட ஒத்துப்போனதில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி அதே ஐந்து பேர், அதே மலை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெப்போங்_போமன் எழுதியது:

மச்சானும் தப்பு, சித்தப்பாவும் தப்பு. அந்த விளக்கு பழுதைச் சொல்வதில்லை. ஓ.டி., அதாவது ஓவர்டிரைவ், அணைந்திருக்கிறது என்று சொல்கிறது, அவ்வளவுதான். "ஆஃப்" என்ற சொல் "எரிகிறது", அதுதான் எல்லாரையும் குழப்புகிறது. என் பட்டறைக்கே மாதம் ஒருவராவது இந்த விளக்கைக் காட்டிக்கொண்டு வருவார். பட்டனை ஒரு தட்டு தட்டி, காசு வாங்காமல் அனுப்பிவிடுவேன்.

உங்கள் வண்டியில் ஓவர்டிரைவ் என்பது தனிச் சாமான் இல்லை, நாலாவது கியர்தான். நாலு கியர் ஆட்டோக்களில் பொதுவாக மூன்றாவது கியர் ஒன்றுக்கு ஒன்று, நாலாவது 0.7 பக்கம். அதாவது இன்ஜின் முக்கால் சுற்றுகூடச் சுற்றாமல் கியர்பாக்ஸ் ஒரு சுற்று வெளியே தள்ளும். சமதரையில் பெட்ரோல் மிச்சம், சத்தம் குறைவு. ஏற்றத்தில் அதற்கு இழுவை பத்தாது. ஐந்து பேர், பையில் குளிர் சட்டைகள், ஏர்கோன் வேறு. நாலில் திணறும், மூன்றுக்கு இறங்கும், வேகம் ஏறியதும் "சரி, போதும்" என்று திரும்ப நாலுக்குத் தாவும். மறுபடி திணறும். உங்கள் மாமியார் சொன்ன விக்கல் அதுதான்.

இந்த ஏறி இறங்கும் விளையாட்டுதான் கியர்பாக்ஸுக்குக் கெடுதல், பட்டன் இல்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் உள்ளே கிளட்ச் தட்டுகள் வழுக்கிப் பிடிக்கின்றன. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் பூட்டும் திறந்து திறந்து மூடும். திறந்திருக்கும் நேரத்தில் இன்ஜினின் சக்தியில் ஒரு பங்கு கியர் எண்ணெயைச் சூடாக்கத்தான் போகிறது. அதனால் கோம்பாக் டோல் தாண்டி ஏற்றம் தெரிந்ததும் ஓ.டி.-யை அணையுங்கள். 90-இல் ஓடும்போதே அமுக்கலாம், வண்டியை நிறுத்த வேண்டாம். 3,300 என்பது அந்த இன்ஜினுக்குச் சாதாரண நடை.

சித்தப்பா சொல்வதுபோல் எப்போதும் ஆஃபில் வைத்தால் எதுவும் உடையாது, பெட்ரோல்தான் வீண். நெடுஞ்சாலையில் 110-இல் மூன்றாவது கியர் எதற்கு?

இதைவிட முக்கியம், பிரேக் ஆழமாகப் போனது. அந்த வாடை பிரேக் பேட் சூடானதால் வந்தது. பெடல் இறங்கியது பிரேக் எண்ணெய் கொதித்ததாக இருக்கலாம். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ரகம் என்றால் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140. கொதித்தால் குழாயில் ஆவி; ஆவியை மிதித்தால் அமுங்கும், பிரேக் பிடிக்காது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? அதை மாற்றாமல் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். கியர் எண்ணெயையும் பாருங்கள்: சிவப்பாக இருந்தால் நல்லது, பழுப்பாகிக் கருகிய வாடை அடித்தால் அதையும் பேசுவோம்.

வேன்_அங்கிள்_பினாங்கு எழுதியது:

தம்பி, ஏறுவது பற்றி போமன் சொல்லிவிட்டார். நான் இறங்குவது பற்றிச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடம் சுற்றுலா வேன். தாப்பா வழி, சிம்பாங் பூலாய் வழி, கேமரன் மலைக்கு எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

எங்கள் பினாங்கிலேயே பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலைமேல் போகும் ஜாலான் துன் சார்டோனில் ஓட்டிப் பாருங்கள். டுரியான் சீசனில் வெளியூர்க் கார்கள் வளைவுக்கு வளைவு சிவப்பு விளக்கோடு இறங்கும், விளக்கு அணையவே அணையாது. பின்னால் போகிற எனக்குத்தான் மூக்கு எரியும். மலைச்சாலைகளில் "குனாகான் கியர் ரெண்டா" (குறைந்த கியரில் ஓட்டு) என்று பலகை நட்டிருப்பார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர்கள் அதை லோரிக்காரனுக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இறக்கத்தில் ஓ.டி.-யை மட்டும் அணைத்தால் போதாது. அது மூன்றாவது கியர்தான், காராக் மாதிரி நீள இறக்கத்துக்குச் சரி. கெந்திங் உச்சியிலிருந்து கோத்தோங் ஜெயா வரைக்கும் கியர் தண்டு 2-இல் (இரண்டாவது கியர்) வேண்டும், கொண்டை ஊசி வளைவில் எல் (முதல் கியர்). வேகத்தைப் பிரேக்கால் குறைத்துவிட்டு அப்புறம் தண்டை இழுங்கள். நான் 2-க்கு 60-க்குக் கீழே, எல்-லுக்கு 30 பக்கம் வந்த பிறகுதான் இழுப்பேன். மழையில், பனிமூட்டத்தில் சட்டென்று இழுத்தால் முன் டயர் வழுக்கும். இன்ஜின் சத்தம் போடும், போடட்டும். பிடித்து இழுப்பது அதுதான்.

பிரேக்கை நன்றாக மிதித்து வேகத்தைக் குறை, காலை எடு, ஆறவிடு. இலேசாக வைத்துக்கொண்டே வராதே. சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதே, பிரேக் தட்டு கோணிப்போகும்.

நியூட்ரலில் இறங்கி பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற ஆட்களும் உண்டு. 2013 ஆகஸ்டு 21 அன்று கெந்திங் மலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் போனார்கள். அதற்குப் பிறகு அந்தச் சாலையில் யாராவது இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் நான் அவர்கள் வண்டியில் ஏறுவதில்லை.

கெப்போங்_போமன் எழுதியது:

அங்கிள் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். நியூட்ரலில் மிச்சமும் இல்லை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் பெட்ரோல் பாய்வதே நின்றுவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் குடிக்கும்.

டி_மட்டும்_போதும் எழுதியது:

இதெல்லாம் பழைய வண்டிக் கதை லா. என்னுடையது ஆறு கியர். பத்து வருடமாக டி-யிலேயே கெந்திங் ஏறி இறங்குகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

கெப்போங்_போமன் எழுதியது:

புது வண்டிகள் பலவற்றில் ஏற்ற இறக்கத்தைக் கணினி தானே கண்டுபிடித்துக் கியரைப் பிடித்து வைக்கும். உங்களுக்காக அது செய்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. 97 கொரோலாவை அதோடு ஒப்பிட முடியாது. சி.வி.டி. (கியர் படிகள் இல்லாத ஆட்டோ) வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இறக்கத்துக்கு எஸ், பி, எல் என்று வண்டிக்கு வண்டி ஓர் எழுத்து இருக்கும். உங்கள் வண்டியில் எது என்று புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

செந்தூல்_கொரோலா எழுதியது:

போய் வந்துவிட்டோம். வெள்ளிக்கிழமை பட்டறையில் பிரேக் எண்ணெயைத் திறந்ததும் அந்த ஆள் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோப்பி-ஓ நிறம், பால் விடாத காப்பி மாதிரி. மாற்றியாயிற்று. கியர் எண்ணெய் சிவப்பாகவே இருந்தது, அப்பா கவனித்து வைத்திருக்கிறார்.

டோல் தாண்டியதும் பட்டனை அமுக்கினேன். 3,300-இல் முள் ஆணி அடித்ததுபோல் நின்றது. விக்கல் இல்லை. இறங்கும்போது 2, இரண்டு வளைவில் எல். முதல் தடவை எல்-லுக்கு இழுத்தபோது இன்ஜின் போட்ட சத்தத்தில் சின்னவன் காதைப் பொத்திக்கொண்டான், பின்னால் வந்த ஒருவர் ஹாரன் அடித்தார். ஆனால் பாதி நேரம் என் கால் பிரேக்கில் இல்லை. கோத்தோங் ஜெயாவில் நிறுத்தி முன்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். வாடையே இல்லை.

காராக்கில் இறங்கி முடித்து, கோம்பாக் டோலும் தாண்டி, சமதரையில் வந்துகொண்டிருந்தோம். தூங்குகிறார் என்று நினைத்த மாமியார் பின்னாலிருந்து கேட்டார்: "தம்பி, அந்த மஞ்சள் விளக்கு இன்னும் எரியுதே, மலை முடியலையா?"