‘சோசியல் சர்க்கஸ்’: தமிழில் ‘தோள்வித்தை’ எனலாமா?

குழும உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சர்க்கஸ் பயிற்சியைக் கல்வியாகக் கொள்ளும் ‘சோசியல் சர்க்கஸ்’ என்னும் தொடருக்குத் தமிழ்ச் சொல் கேட்டுத் தொடங்கிய இந்த இழையில் ‘சமூக சர்க்கஸ்’, ‘சமுதாய வட்டரங்கு’, ‘கழைக்கூத்துக் கல்வி’ என்னும் மூன்று பரிந்துரைகள் இதுவரை வந்துள்ளன. மூன்றையும் ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கட்டுரை வாக்கியங்களில் வைத்தும் எழுதிப் பார்த்தேன். எதுவும் எனக்கு நிறைவளிக்கவில்லை. அதற்கான காரணங்களையும் மாற்றாக எனக்குத் தோன்றிய ஒரு சொல்லையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். கம்போடியாவின் பட்டாம்பாங் நகரில் ‘ஃபார் பொன்லூ செல்பக்’ என்னும் கலைப்பள்ளி இருக்கிறது. போரினால் தாய்லாந்து எல்லையிலுள்ள அகதி முகாமில் வளர்ந்த சில இளைஞர்கள், அங்கே தங்களுக்கு ஓவியம் கற்பித்த பிரெஞ்சு ஆசிரியையுடன் சேர்ந்து, நாடு திரும்பிய பின் 1994இல் தொடங்கிய பள்ளி அது. ஓவியத்தில் தொடங்கியவர்கள் 1998இல் சர்க்கஸ் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டார்கள். வறுமையிலும் குடும்பச் சிதைவிலும் சிக்கிய பிள்ளைகளுக்கு அங்கே கட்டணமின்றிக் கலை கற்பிக்கப்படுகிறது. அந்தப் பள்ளி 2004இல் தொடங்கிய ‘தினி தினூ’ என்னும் பன்னாட்டுச் சர்க்கஸ் விழாவில் வெளிநாட்டுக் குழுக்களும் உள்ளூர்ப் பிள்ளைகளும் ஒரே அரங்கில் ஆடினார்கள். 2013 முதல் சியெம் ரீப் நகரில் நாள்தோறும் நடக்கும் காட்சியின் வருவாயும் பள்ளிக்குத் துணையாகிறது. பெருந்தொற்றால் வருவாய் நின்றுபோன நிலையில், 2021இல் அந்தக் கலைஞர்கள் 24 மணி நேரத்துக்கும் மேலாக இடைவிடாமல் நிகழ்ச்சி நடத்தி உலக சாதனை படைத்து, தங்கள் பள்ளியின் மீது உலகின் கவனத்தைத் திருப்பினார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 1992இல் தொடங்கிய ‘ஜிப் ஜாப்’ பள்ளியும், 1995இல் கனடாவின் ‘சர்க் து சொலேய்’ சர்க்கஸ் நிறுவனம் தெருவோர இளைஞர்களுக்காகத் தொடங்கிய ‘சர்க் து மோந்த்’ திட்டமும் இதே வழியில் வந்தவை. ஆகவே நாம் பெயரிட வேண்டியது ஒரு கேளிக்கைக்கு அன்று. சர்க்கஸ் பயிற்சியின் வழியாகப் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கையும் பிறர்மீது நம்பிக்கையும் ஊட்டுகின்ற ஒரு கல்விமுறைக்கு.

இனி ‘சமூக சர்க்கஸ்’. அகராதிப்படி இது பிழையற்ற மொழிபெயர்ப்புத்தான். ஆனால் இன்றைய தமிழ் வழக்கில் ஒருவர் ‘எங்கள் சமூகம்’ என்றால் கேட்பவர் பெரும்பாலும் சாதி என்றே புரிந்துகொள்கிறார். ‘சமூக சர்க்கஸ்’ என்று ஒரு சுவரொட்டியில் அச்சிட்டால், ஏதோ ஒரு சமூகத்தார் நடத்தும் சர்க்கஸ் என்ற எண்ணம் படிப்பவருக்கு எழாமல் இருக்காது. பிறப்பின் அடையாளங்களைக் கடந்து பிள்ளைகளை ஒன்றுசேர்க்கும் ஒரு முயற்சிக்கு இப்படியொரு ஐயத்தோடு பெயர் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘சமுதாய’ என்று மாற்றினாலும் இந்தச் சிக்கல் முழுமையாகத் தீராது.

‘வட்டரங்கு’ நல்ல சொல். 1768இல் இலண்டனில் பிலிப் ஆஸ்ட்லி தொடங்கிய குதிரையேற்றக் காட்சியே நவீன சர்க்கஸின் தொடக்கம் என்பார்கள். குதிரை வட்டத்தில் ஓடும்போது அதன் முதுகில் நிற்பவருக்குச் சமநிலை எளிதாகிறது என்பதால் பின்னர் 42 அடி விட்டமுள்ள வளையமே வழக்காகிவிட்டது. வளையத்தையும் கூடாரத்தையும் குறிக்க ‘வட்டரங்கு’ பொருந்தும். அதை அந்த இடத்துக்கே வைத்துக்கொள்வோம். பட்டறையிலும் பள்ளி முற்றத்திலும் நடக்கும் பயிற்சிக்கு வட்டம் இன்றியமையாதது அன்று.

‘கழைக்கூத்து’ பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். கயிற்றின்மேல் ஆடும் கலை நமக்குப் புதிதன்று. காற்றில் வாகை நெற்றுகள் ஒலிப்பதை, ஆரியர் கயிற்றில் ஆடும்போது கொட்டும் பறையின் ஒலிக்கு ஒப்பிடுகிறது குறுந்தொகையின் 7ஆம் பாடல். ‘ஆரியக் கூத்தாடினாலும் காரியத்தில் கண்ணாயிரு’ என்ற பழமொழியையும் அறிவோம். இவ்வளவு பழமை இருந்தும் இச்சொல்லை இங்கே பயன்படுத்த நான் தயங்குவதற்குக் காரணம், ‘கழைக்கூத்தாடி’ என்பது ஊர் ஊராகச் சென்று இதையே பிழைப்பாகக் கொண்ட குடும்பங்களின் பெயராகவும் நிலைத்திருப்பதுதான். அக்குடும்பங்களின் குழந்தைகள் கல்வி இழந்து கயிற்றின்மேல் நடந்திருக்கிறார்கள். அவர்கள் கலையின் பெயரை எடுத்து, அவர்களைச் சேர்க்காத ஒரு திட்டத்துக்குச் சூட்டுவது முறையாகாது. அவர்களே விரும்பித் தம் பள்ளிக்கு அப்பெயரை வைத்தால் அதைவிட மகிழ்ச்சி எனக்கு வேறில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. குழந்தைகளைச் சர்க்கஸில் வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்யுமாறு 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் நடுவண் அரசுக்கு ஆணையிட்டது. நேபாளத்திலிருந்து கடத்தி வரப்பட்டு இந்திய சர்க்கஸ்களில் ஆட வைக்கப்பட்டு, பின் மீட்கப்பட்ட இளையோர் ‘சர்க்கஸ் காத்மாண்டு’ என்னும் குழுவாகத் தாங்களே மீண்டும் மேடையேறினார்கள். தங்களை வதைத்த அதே வித்தையை அவர்கள் தங்களுக்கு உரியதாக்கிக்கொண்டதைப் பற்றி முதன்முறை படித்த அன்று நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை. குழந்தை உழைப்பையும் இந்தக் கல்விமுறையையும் ஒரே சொல் குறிக்கும்படி விடக் கூடாது என்ற எண்ணம் அன்றுதான் எனக்கு உறுதியானது.

இப்போது என் பரிந்துரைக்கு வருகிறேன். இப்பயிற்சியின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று, ஒருவர் தோள்மேல் மற்றவர் நிற்பது. கீழே நிற்பவர் முழங்காலைச் சற்று மடித்துத் தொடையைப் படியாகக் கொடுக்கிறார். ஏறுபவர் அதில் ஒரு காலை ஊன்றி, மறுகாலைத் தோளின் நுனியில் வைக்காமல் கழுத்தை ஒட்டி வைக்கிறார். நுனியில் வைத்தால் தாங்குபவருக்கு வலிக்கும், இருவரும் ஆடிப்போவார்கள். நிமிர்ந்ததும் குதிகால்கள் இரண்டும் தாங்குபவரின் பின்தலைக்குப் பின்னே சேர்கின்றன. தாங்குபவர் மேலிருப்பவரின் கெண்டைக்காலைப் பின்புறமாகப் பற்றிக் கீழே இழுத்துப் பிடிக்கிறார். மேலே நிற்கும் பிள்ளை குனிந்து பார்த்தால் சமநிலை குலையும். ஆகவே கண்ணுக்கு நேரே பார்த்தபடி, காணாத ஒருவரின் கையை நம்பி நிற்க வேண்டும். அருகே மூன்றாமவர் ஒருவர் இரு கைகளையும் உயர்த்தி, மேலிருப்பவரின் இடுப்பிலிருந்து பார்வையை எடுக்காமல் நிற்கிறார். பிறகு இடம் மாறிக்கொள்கிறார்கள். நேற்றுவரை யாரும் நம்பாத ஒரு பிள்ளையின் தோளில் இன்னொரு பிள்ளை தன் உயிரை வைக்கிறது.

‘தோள் கொடுத்தல்’ என்று தமிழில் சொல்வது இதைத்தானே? எனவே ‘தோள்வித்தை’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன்.

‘வித்தை’ என்றாலே கண்கட்டு வித்தை நினைவுக்கு வருகிறது என ஒருவர் மறுக்கலாம். ‘வில்வித்தை’ என்னும்போது நாம் ஏமாற்றை நினைப்பதில்லை. பழகிக் கைவரப்பெற்ற கலையையே நினைக்கிறோம். ‘தோள்வித்தை’ அதே வார்ப்பில் அமைந்தது. மற்போரோடு குழம்பும் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. பழைய இலக்கியத்தில் தோள் என்பது வீரத்தின் இடம். ஆயினும் மற்போருக்கு நிலைத்த பெயர் ஏற்கெனவே இருப்பதால் குழப்பம் நீடிக்காது என நம்புகிறேன். பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிப்பதிலும் ஊஞ்சல் பார் விளையாட்டிலும் தோள்மேல் ஏறுவது இல்லையே என்று கேட்டால், ஒரு கலையின் எல்லா உறுப்புகளையும் அதன் பெயரில் அடைக்க இயலாது என்பதே என் விடை.

சொல்லிலிருந்து கிளைகளும் எளிதாகப் பிறக்கின்றன: தோள்வித்தைப் பயிற்றுநர், தோள்வித்தைப் பள்ளி, தோள்வித்தை முகாம். ஆனால் ‘தினி தினூ’ போன்ற விழாக்களில் தொழில்முறைக் குழுக்களும் ஆடுவதால் அவற்றைப் ‘பன்னாட்டுச் சர்க்கஸ் விழா’ என்றே எழுதலாம். ‘சர்க்கஸ்’ தமிழில் வேரூன்றிவிட்ட சொல்; அதைப் பிடுங்க வேண்டியதில்லை.

இதே இழையில் ‘வல்னரபிள் யூத்’ என்பதற்கும் சொல் கேட்டிருந்தார்கள். ‘நலிந்த இளையோர்’ என்பது குறையை அவர்கள்மேல் ஏற்றுகிறது. ‘விளிம்புநிலை இளையோர்’ என்பது வேறொரு கருத்து. ‘எளிதில் பாதிக்கப்படக்கூடிய இளையோர்’ சட்ட ஆவணத்துக்குப் பொருந்தினாலும் பேச்சில் நிற்காது. ‘இடர்சூழ் இளையோர்’ எனலாம். ‘கடல்சூழ்’ என்பதைப் போல இது வினைத்தொகை. இடர் சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் என முக்காலத்தையும் கொள்ளும். நேற்று அடிபட்ட பிள்ளையையும் நாளை அடிபடக்கூடிய பிள்ளையையும் ஒரே சொல்லில் சேர்க்க நம் இலக்கணம் தரும் வசதி இது.

தோள்மேல் நிற்பவரை ‘ஏறுநர்’ என்றும் கீழிருப்பவரைத் ‘தாங்குநர்’ என்றும் குறித்து வைத்திருக்கிறேன். கைகளை உயர்த்தி அருகே நிற்கும் அந்த மூன்றாமவருக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. ‘காவலர்’ என்றால் காவல்துறை முன்னே வந்து நிற்கிறது; ‘காப்பாளர்’ விடுதியை நினைவூட்டுகிறது. ‘அணைநர்’ எனலாமா என்று யோசித்து, விளக்கை அணைப்பவர் என்றும் பொருள்படுமே என்று விட்டுவிட்டேன். இப்பயிற்சியில் நேரடிப் பழக்கமுள்ளவர்கள் யாரேனும் குழுமத்தில் இருந்தால், களத்தில் அவரை எப்படி அழைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.