யுரேனஸின் எப்சிலன் வளையம்: 1.36 பாகை வர வேண்டிய இடத்தில் 1.29 வருகிறது, எங்கே பிழை?

உவர்மலைப் பெடியன்: வணக்கம். திருகோணமலையில் உயர்தரம், கணிதப் பிரிவு. பாடசாலைக் கண்காட்சிக்கு யுரேனஸின் வளையங்களை எடுத்திருக்கிறேன், சனியைத்தான் எல்லாரும் செய்கிறார்களே. எப்சிலன் வளையம் நீள்வட்டம், மையவிலகல் 0.0079, சராசரி ஆரை 51,149 கிமீ. கோள் நடுவில் பருத்திருப்பதால் அந்த நீள்வட்டமே மெல்லத் திரும்புகிறது, அதன் அண்மைப்புள்ளி (கோளுக்கு மிகக் கிட்ட வரும் இடம்) நாளுக்கு 1.36 பாகை நகர்கிறது என்று வாசித்தேன். எக்செலில் போட்டால் 1.29தான் வருகிறது. வளையத்தின் துணிக்கைகள் கோளைச் சுற்றும் வேகம் நாளுக்கு 1030 பாகை, அதை ஒன்றரையாலும் ஜே2 என்ற தட்டைமைக் குணகத்தாலும் (0.003343) பெருக்கி, கோளின் ஆரை 25,559ஐ வளையத்தின் ஆரையால் வகுத்து வர்க்கித்து அதாலும் பெருக்கினேன். எங்கே இடிக்கிறது?

நிலாவெளி_நட்சத்திரம்: பாகைக்கும் ரேடியனுக்கும் இடையில் குழம்பியிருக்கலாம் தம்பி.

உவர்மலைப் பெடியன்: அப்படியென்றால் 57 மடங்கு பிசகும் அண்ணா. இங்கே 5 சதவீதம்தான்.

கடற்கரை வாசகன்: கோர்டீலியா, ஒஃபீலியா என்ற இரண்டு நிலவுகள் அந்த வளையத்தின் இரு பக்கமும் ஓடுகின்றனவே, 1986இல் வொயேஜர் 2 விண்கலம் கண்டது. அவை இழுப்பதாக இருக்குமோ?

கணக்கு ரீச்சர்: இல்லை, அவை மிகச் சின்ன நிலவுகள். வளையத்தின் விளிம்புகள் பரவாமல் மேய்க்கும், நகர்வில் 5 சதவீதம் கூட்டுகிற அளவுக்குக் கனமில்லை. தம்பி, உங்கள் சூத்திரம் சரி, கோணவேகமும் சரி. ஜே2ஐ எடுத்த அட்டவணையின் அடிக்குறிப்பைப் பாருங்கள். 0.003343 என்பது 26,200 கிமீ ஆரையை அடிப்படையாக வைத்துச் சொன்ன பெறுமானம். நீங்களோ கோளின் உண்மையான நடுக்கோட்டு ஆரையான 25,559ஐப் போட்டிருக்கிறீர்கள். ஜே2 எப்போதும் ஓர் ஆரையோடு சேர்ந்துதான் வரும், ஒன்றை ஒரு புத்தகத்திலும் மற்றதை இன்னொன்றிலும் எடுத்தால் இப்படித்தான். 25,559தான் வேண்டுமென்றால் ஜே2 ஏறத்தாழ 0.00351 ஆக வேண்டும். அப்புறம் ஜே4 என்ற அடுத்த உறுப்பும் இருக்கிறது, மறைக் குறியோடு வரும், அது நகர்வை இன்னும் கொஞ்சம் கூட்டும்.

இன்னொன்று. இந்த ஜே2ஐ இவ்வளவு நுணுக்கமாக அளக்க முடிந்ததே இந்த ஒடுங்கிய வளையங்களால்தான். 1977 மார்ச் 10 அன்று பறக்கும் வானாய்வகத்தில் (தொலைநோக்கி பொருத்திய விமானம்) இருந்தவர்கள் ஒரு நட்சத்திரத்தின் ஒளி யுரேனஸுக்குப் பின்னால் மறைய முன்னரும், வெளியே வந்த பின்னரும் மினுக்மினுக்கென்று மங்குவதைக் கண்டார்கள், ஒளியை மறைத்தவை இந்த வளையங்கள்தான். அதன்பின் வருடக்கணக்காக வேறு வேறு நட்சத்திரங்கள் மறைவதைப் பார்த்து வளையங்கள் எப்படித் திரும்புகின்றன என்று கணித்து, அதிலிருந்துதான் கோள் நடுவில் எவ்வளவு பருத்திருக்கிறது என்பதை எடுத்தார்கள். ஆகவே உங்கள் விடை ஒத்துவருவதை வைத்துக் கோளைச் சோதித்துவிட்டேன் என்று நடுவர்களிடம் சொல்லிவிடாதீர்கள், கணக்குப் போட்ட முறையைத்தான் சோதித்திருக்கிறீர்கள்.

உவர்மலைப் பெடியன்: 26,200 போட்டதும் 1.355. ஜே4ஐயும் சேர்த்தால் 1.363! நன்றி ரீச்சர். ஆனால் இப்போது வேறொரு குழப்பம். வளையத்தின் உள்விளிம்பு கோளுக்குக் கிட்ட இருப்பதால் வேகமாகத் திரும்ப வேண்டும், வெளிவிளிம்பு மெதுவாக. இரண்டுக்கும் சராசரி இடைவெளி 58 கிமீ, போட்டுப் பார்த்தால் நாளுக்கு 0.0054 பாகை வித்தியாசம். சுமார் 180 வருடத்தில் உள்விளிம்பு ஒரு முழுச் சுற்று முந்திவிடும். வளையம் குலைந்து போயிருக்க வேண்டாமா?

கணக்கு ரீச்சர்: நல்ல கேள்வி, கண்காட்சியில் இதையே முதலில் வையுங்கள். கோல்ட்ரைக், ட்ரெமெய்ன் என்ற வானியலாளர்கள் இருவரும் 1979இல் சொன்ன விடை, வளையத்தின் சொந்த ஈர்ப்பு. அண்மைப்புள்ளியில் அகலம் 20 கிமீ, சேய்மைப்புள்ளியில் 96 கிமீ. நெருக்கமான பக்கத்தில் துணிக்கைகள் ஒன்றையொன்று கூடுதலாக இழுக்கும், அந்த இழுவை உள்விளிம்பைத் தாமதப்படுத்தி வெளிவிளிம்பை முடுக்கிவிடும், அதனால் மொத்த வளையமும் ஒரே வேகத்தில் திரும்புகிறது. ஈர்ப்பு மட்டும் போதாது, விளிம்புகளில் துணிக்கைகள் மோதிக்கொள்வதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சியாங்கும் கோல்ட்ரைக்கும் 2000இல் காட்டினார்கள்.

நிலாவெளி_நட்சத்திரம்: வரைபடம் எப்படிக் கீறப் போகிறீர்?

உவர்மலைப் பெடியன்: ஒரு மீட்டர் அகல அட்டையில் நீள்வட்டமாகக் கீற யோசிக்கிறேன்.

கணக்கு ரீச்சர்: நீள்வட்டம் கீறி மினக்கெட வேண்டாம். ஆரை 50 செமீ என்று வைத்தால் வட்டத்திலிருந்து அது விலகுவது மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்கு, கண்ணுக்கே தெரியாது. சாதாரண வட்டம் கீறி, கோளின் மையத்தை மட்டும் 4 மிமீ தள்ளிக் குத்துங்கள். கோடு ஒரு பக்கம் 0.2 மிமீ, எதிர்ப்பக்கம் 0.9 மிமீ தடிப்பு வேண்டும், அதற்குக் கூர்மையான பென்சில் ஒன்றும் மொட்டையான பென்சில் ஒன்றும் போதும்.