தியேட்டர்கள் மூடிக்கிடந்த காலம்: உங்கள் பக்கத்து அனுபவத்தை எழுதுங்கள்

தொடங்கியவர்: ஆபரேட்டர், காவிரி டெல்டாவில் ஒரு சிற்றூர்

2020 மார்ச் 17 முதல் தமிழ்நாட்டில் தியேட்டர்களை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. முதலில் மார்ச் 31 வரை என்றுதான் சொன்னார்கள். மறுபடி திறந்தது நவம்பர் 10, அதுவும் பாதி இருக்கைகளோடு. அந்த மாதங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் படம் பார்க்கிறவர்கள் எழுதினார்கள், இல்லாவிட்டால் எடுக்கிறவர்கள். ஓட்டுகிறவர்கள் பக்கம் அதிகம் வெளியே வரவில்லை. அதனால்தான் இதைத் தொடங்குகிறேன். தியேட்டரில் வேலை பார்த்தவர்கள், வீட்டிலேயே பார்த்தவர்கள், தயாரிப்பு, விநியோகம் என்று எந்தப் பக்கம் இருந்தாலும் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்.

மூடின தியேட்டரில் என்ன வேலை என்று பலரும் கேட்டார்கள். புரொஜெக்டரையும் சர்வரையும் அப்படியே போட்டுவிட்டு வீட்டில் உட்கார முடியாது. சர்வருக்குள் ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. ரொம்ப நாள் கரண்டு கொடுக்காமல் விட்டால் அது செத்துப்போகும், கூடவே உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சான்றும் அழிந்துவிடும். அப்புறம் எந்தப் படத்தின் கீயையும் (படத்தைத் திறக்கும் டிஜிட்டல் சாவி) சர்வர் ஏற்காது. அதைச் சரிசெய்யப் பெட்டியைக் கம்பெனிக்கே அனுப்ப வேண்டும், செலவு லட்சத்தைத் தொடும். எனவே வாரா வாரம் போய் மெஷினைப் போட்டு, விளக்கை எரியவிட்டு, கொஞ்ச நேரம் ஏதாவது டிரெய்லர் ஓட்டுவேன். ஏசியையும் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் திரையில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். எலித்தொல்லை வேறு. ஸ்பீக்கர் வயரில் ஆரம்பித்து சீட் பஞ்சு வரைக்கும் வந்துவிட்டது.

முதல் மாதம் முழுச் சம்பளம் வந்தது. பிறகு பாதி. பிறகு அதுவும் நின்றது. முதலாளியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வசூல் ஒரு ரூபாய் இல்லாதபோதும் மின்வாரியத்துக்கு டிமாண்ட் சார்ஜ், சொத்து வரி, லைசென்ஸ், பேங்க் தவணை எல்லாம் அவர் கட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு வேதனையாக இருந்தது வேறு ஒன்று. ஃபெப்சி (தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்) தொழிலாளர்களுக்காக நடிகர்கள் கொடுத்தார்கள், ரஜினிகாந்த் 50 லட்சம் கொடுத்தார். நல்ல காரியம், அவர்களும் நாள் கூலிக்காரர்கள்தான். ஆனால் ஃபெப்சியில் இருப்பவை படப்பிடிப்போடு சேர்ந்த சங்கங்கள். தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவர், டார்ச் அடித்து சீட் காட்டுகிறவர், காட்சி முடிந்ததும் கூட்டிப் பெருக்கும் அக்காமார்கள், இவர்கள் யாரும் அந்தக் கணக்குக்குள் வரமாட்டார்கள். எங்களைச் சினிமாக்காரர்கள் என்றும் யாரும் நினைக்கவில்லை, கடைக்காரர்கள் என்றும் நினைக்கவில்லை.

மே 29 அன்று சூர்யாவின் நிறுவனம் எடுத்த ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக அமேசான் பிரைமில் வந்தது. அதற்கு முன்பே தியேட்டர் உரிமையாளர்கள் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்து, சூர்யாவின் நிறுவனம் எடுக்கும் படங்களை இனித் திரையிட மாட்டோம் என்று அறிவித்திருந்தது. ஊரில் எல்லோரும் அதை இரண்டு முதலாளிகளுக்கு நடுவே நடந்த சண்டையாகத்தான் பார்த்தார்கள். நானும் அந்தப் படத்தை என் மகளின் போனில் பார்த்தேன். பார்க்கும்போது கதை மனதில் ஓடவில்லை, ஆட்கள்தான் ஓடினார்கள். கவுண்டரில் இருப்பவர், ஸ்டாண்டு போடுகிறவர், கேன்டீன் பையன்கள், விடியற்காலையில் பசை வாளியோடு கிளம்பும் போஸ்டர்காரர், செகண்ட் ஷோ விடும் நேரத்துக்காகவே கல்லை அணைக்காமல் வைத்திருக்கும் புரோட்டா கடை. ஒரு படம் எங்கள் ஊரில் நான்கு நாள் ஓடினாலும் இவ்வளவு பேர் கையிலும் கொஞ்சம் காசு புரளும். வீட்டில் ஓடின படத்தால் ஊருக்குள் ஒரு பைசா வரவில்லை. இதை எங்கேயாவது சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

திருச்சியிலிருந்து, அம்மாவைக் கவனித்துக்கொள்பவர்

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துக் கலங்கிவிட்டேன். இருந்தாலும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து சில வருடங்கள் ஆகின்றன. இடது பக்கம் சரியாக வராது. கல்யாணத்துக்கு முன்பு ஒரு வாரம்கூட விடாமல் படம் பார்த்தவர். உடம்புக்கு வந்த பிறகு தியேட்டர் படி ஏறவில்லை. ஏறுவதற்கு வழியும் இல்லை, படிக்கட்டு, இருட்டு, கழிப்பறை எல்லாமே பிரச்சினை. டிவியில் வரும்போது பார்த்துக்கொள்வார். அதற்குள் ஊரே பேசி முடித்திருக்கும்.

2020 நவம்பர் 12, ‘சூரரைப் போற்று’ வந்த அன்று, எல்லோரும் பார்த்த அதே நாளில் அம்மாவும் பார்த்தார். மறுநாள் காலையில் மதுரையில் இருக்கும் சித்தியோடு போனில் அரைமணி நேரம் அந்தப் படத்தைப் பற்றியே பேச்சு. "நீ பார்த்துட்டியா, நான் நேத்தே பார்த்துட்டேன்" என்று அம்மா சொன்ன தொனியை நான் பல வருடம் கேட்கவில்லை. புதுப்படத்தைப் பற்றிப் பேசுவது என்பது ஊரோடு சேர்ந்து இருப்பதுதான். அது அவருக்குத் திரும்பக் கிடைத்தது. இதை யாரும் சின்ன விஷயம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பணக்கணக்கையும் சொல்கிறேன். அந்தச் சமயத்தில் மல்டிபிளெக்ஸில் டிக்கெட் 150 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 8 சதவீதம் கேளிக்கை வரி இருந்தது, கிட்டத்தட்ட 190 ஆனது. ஐந்து பேர் போனால் 950. அப்போது பிரைமுக்கு ஒரு வருடச் சந்தாவே 999 ரூபாய்தான் (பிறகு 2021 டிசம்பரில் 1,499 ஆக்கினார்கள்). என் கணவருக்கு அந்த வருடம் சம்பளத்தில் முப்பது சதவீதம் பிடித்தார்கள். அந்த நிலையில் நாங்கள் எதைத் தேர்ந்தெடுத்திருப்போம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் எல்லா வீட்டுக்கும் படம் வந்தது என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருவிலேயே இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே போன் இருந்த வீடு உண்டு. பகலில் ஆன்லைன் வகுப்புக்கே ஒன்றரை ஜிபி தீர்ந்துவிடும். அந்த வீட்டு அக்கா ஐம்பது, அறுபது ரூபாய் டிக்கெட்டில் பழைய தியேட்டரில் படம் பார்த்தவர். அவருக்கு அந்த எட்டு மாதமும் புதுப்படம் என்பதே கிடையாது. எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லலாம் என்றால் தொற்று பயம்.

சென்னை, தயாரிப்பு நிர்வாகி

மேலே சொன்ன இரண்டு பக்கமும் சரிதான். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள். பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது ஒரு சின்னப் படம். கோடை விடுமுறையில் வெளியிடத் திட்டம். ஃபைனான்ஸ் வாங்கி எடுத்த படம். ஊரடங்கு என்று வட்டி நிற்குமா? மாதா மாதம் ஏறும். சினிமாவில் வெளியாகும் வாரம் வியாழக்கிழமை ராத்திரி என்றாலே வயிறு கலங்கும். கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் திருப்தி ஆகிக் கையெழுத்துப் போட்டால்தான் படம் வெளியே போகும். எட்டு மாத வட்டி சேர்ந்த பிறகு அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் ஓடிடிக்குக் கொடுக்க வேண்டியதுதானே என்று எல்லோரும் கேட்டார்கள். கொடுக்கத்தான் போனோம். எங்களிடம் கேட்ட முதல் கேள்வி "ஹீரோ யார்?" இரண்டாவது கேள்வி வரவில்லை. பெரிய பெயர் இருந்த படங்களுக்கு மொத்தமாக ஒரு தொகை பேசினார்கள், அது தயாரிப்பாளரை நிஜமாகவே காப்பாற்றியது, அவர்களைத் துரோகி என்று திட்டியது நியாயமே இல்லை. ஆனால் பெயர் இல்லாத படத்துக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. சிலர் பார்வைக்கு இவ்வளவு என்று பங்கு தருகிறோம் என்றார்கள். முன்பணம் கிடையாது. வட்டிக்காரரிடம் அதைக் காட்டி என்ன சொல்ல முடியும்?

தியேட்டர் திறந்த பிறகு இன்னொரு தலைவலி. டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் நிறுவனங்களுக்குத் தயாரிப்பாளர் கட்டும் விபிஎஃப் கட்டணத்தை இனிக் கட்ட மாட்டோம், புதுப்படம் தர மாட்டோம் என்று பாரதிராஜா தலைமையிலான நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் நின்றது. அந்த நிறுவனங்கள் தற்காலிகமாகக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ததால்தான் 2020 தீபாவளிக்குப் புதுப்படம் வந்தது. அந்தக் கட்டணம் பெரிய படத்துக்குக் கண்ணில் படாது. எங்களைப் போன்றவர்களுக்கு அது உயிர். என்னைக் கேட்டால், அந்தக் காலத்தில் நடந்த சண்டைகளிலேயே சின்னப் படங்களுக்காக நடந்தது அது ஒன்றுதான்.

எங்கள் படம் கடைசியில் 2021 தொடக்கத்தில் வெளியானது. காத்திருந்த எல்லாச் சின்னப் படங்களும் ஒரே வாரங்களில் வந்து விழுந்தன. திங்கட்கிழமை காலையில் காட்சிகளை எடுத்துவிட்டார்கள்.

முன்பு சைக்கிள் ஸ்டாண்டு குத்தகை எடுத்தவர், விழுப்புரம் பக்கம்

தம்பி சொன்ன ஸ்டாண்டுக்காரர்களில் நானும் ஒருவன். குத்தகைக்கு அட்வான்ஸ் கட்டியது 2020 ஜனவரியில். பொங்கல் படங்கள் நன்றாகப் போயின. மார்ச்சில் மூடிவிட்டார்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டேன், கொடுக்கிற நிலையில் அவர்களும் இல்லை, பாதி வந்தது. காய்கறி வண்டி போட்டேன். தியேட்டர் திறந்தபோது கூப்பிட்டார்கள். பாதி டிக்கெட் என்றால் வண்டியும் பாதிதானே, குத்தகைக் காசு எடுக்க முடியாது என்று போகவில்லை. 2021 ஏப்ரல் 26 அன்று மறுபடி மூடினார்கள். ஆகஸ்ட் 23 வரை திறக்கவில்லை. போகாதது நல்லதாகப் போயிற்று. இப்போதும் காய்கறிதான்.

மதுரை, ரசிகர்

2021 பொங்கலுக்கு ‘மாஸ்டர்’. ஜனவரி 4 அன்று நூறு சதவீத இருக்கைக்குத் தமிழக அரசு அனுமதி கொடுத்தது. மத்திய உள்துறை அது விதிமீறல் என்று எழுதியதும் மறுபடி ஐம்பதுக்கே வந்தது. 13ஆம் தேதி படம். பக்கத்து சீட்டில் ஆள் இல்லை, முகக்கவசம், ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே, பத்து மாதம் அடக்கி வைத்த மூச்சை எல்லோரும் ஒன்றாக விட்டது போல இருந்தது. கூட்டம் வராது, வீட்டில் பார்த்துப் பழகிவிட்டார்கள் என்று சொன்னவர்களுக்கு அன்றைக்கு பதில் கிடைத்தது.

ஆனால் ஜனவரி 29 அன்று அதே படம் பிரைமில் வந்துவிட்டது. பதினாறே நாள். எனக்குத் தியேட்டரில் பார்த்தாகிவிட்டது, கவலையில்லை. இரண்டாவது, மூன்றாவது வாரம் நிதானமாகக் குடும்பத்தோடு போகிறவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. எங்கள் மாமா, அத்தை எல்லாம் அந்த ரகம். அவர்கள் போகவே இல்லை. அண்ணே, உங்கள் ஊரில் அது எப்படி இருந்தது?

தொடங்கியவர்

மதுரைத் தம்பி கேட்டதுதான் எங்கள் முழுப் பிரச்சினையும். நகரத்தில் முதல் மூன்று நாள் வசூலே பெரும் பங்கு. எங்களைப் போன்ற ஊரில் அப்படி இல்லை. அறுவடை, கூலி, சந்தை நாள் பார்த்துத்தான் ஆள் வரும். முதல் வாரத்தில் விநியோகஸ்தருக்குப் போகும் சதவீதம் அதிகம், அடுத்தடுத்த வாரங்களில்தான் தியேட்டர் பங்கு கூடும். பதினாறாம் நாள் படம் போனுக்கு வந்தால் எங்கள் பங்கு கூடுகிற வாரத்தில் கூட்டம் குறைகிறது. அதனால்தான் நான்கு வாரமாவது இடைவெளி வேண்டும் என்று உரிமையாளர்கள் கேட்டார்கள். அது வீம்பு இல்லை. அந்த இரண்டு வாரத்தில்தான் எங்கள் சம்பளம் இருக்கிறது.

தயாரிப்பு நிர்வாகி சார் சொன்னதில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெயர் இல்லாத படத்துக்கு ஓடிடி கதவு திறக்கவில்லை என்றாரே, அந்தப் படங்களை எந்தக் காலத்திலும் ஓட்டியது எங்களைப் போன்ற தியேட்டர்கள்தான், வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு இருபது பேர் வந்தாலும். சென்னை தண்டையார்பேட்டையில் அகஸ்தியா 2020இல் மூடியே போனது. வடபழனியில் ஏவிஎம் ராஜேஸ்வரியும் போய்விட்டது. இப்படி ஒவ்வொன்றாகப் போனால் ஐம்பது ரூபாய் டிக்கெட் பார்வையாளரும் போகிறார், பெயர் இல்லாத படமும் போகிறது. திருச்சி அக்கா சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் எங்கே பார்ப்பார்?

விழுப்புரம் அண்ணன் திரும்பிப் போகாதது போலத்தான் இங்கேயும். எங்கள் தியேட்டரில் சீட் காட்டுகிறவர் திருப்பூருக்குப் போய்விட்டார். போஸ்டர்காரர் இப்போது கொத்தனார் வேலைக்குக் கையாள். போஸ்டர் பாதி குறைந்துவிட்டது, விளம்பரமெல்லாம் போனில்தான். புது ஆட்களை வைத்து ஓட்டுகிறோம்.

திருச்சி அக்காவுக்கு ஒரு விஷயம். அம்மா வீட்டிலேயே பார்க்கட்டும், அதில் எனக்கு வருத்தமே இல்லை, நீங்கள் எழுதியதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒருமுறையாவது பெரிய திரையில் பார்க்க அவருக்கு ஆசை இருந்தால், பழைய தியேட்டர்களில் கீழ்த்தளத்து வெளியேறும் கதவுகள் பலவற்றில் படி இருக்காது. பூட்டி வைத்திருப்பார்கள், கேட்டால் திறப்பார்கள். வாரநாளில் மதியக் காட்சி பாருங்கள், கூட்டம் இருக்காது. முதல்நாளே மேனேஜருக்குப் போன் செய்து சக்கர நாற்காலி வரும் என்று சொல்லி, ஓரத்து வரிசையில் இடமும் கழிப்பறை எந்தத் தளத்தில் என்பதும் கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கு அணைப்பதற்குக் கால்மணி நேரம் முன்பே உள்ளே வந்துவிட்டால் ஆபரேட்டரிடம் சொல்லி, நீங்கள் உட்காரும் வரை விளக்கைப் போட்டு வைக்கச் சொல்லலாம். நாங்கள் செய்வோம்.