எல்.இ.டி. விளக்கு மாற்றிய பிறகு இரவில் வி.எச்.எஃப். கருவியில் குரல் கேட்கவில்லை: உதவி வேண்டும்

பாம்பன் தென்கடல்:
அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது 32 அடி ஃபைபர் நாட்டுப்படகு. சென்ற மாதம் பழைய ஹாலஜன் விளக்குகளைக் கழற்றிவிட்டு, வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது தளத்தில் வெளிச்சம் வேண்டும் என்பதற்காக மூன்று எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினோம். கடலுக்குள் வெளிச்சம் பாய்ச்சி மீனைத் திரட்டும் விளக்குகள் அல்ல; அந்த முறையை மத்திய அரசு 2017 நவம்பரிலேயே தடை செய்துவிட்டது. 12 வோல்ட் பேட்டரி இப்போது விடியும் வரை தாங்குகிறது, அதில் குறையில்லை.

ஆனால் படகுக்குப் படகு பேசிக்கொள்ளும் ரேடியோவான வி.எச்.எஃப். கருவி, பகலில் தெளிவாகக் கேட்டாலும், இரவில் பக்கத்துப் படகின் குரலைக்கூட விட்டுவிட்டுத்தான் தருகிறது. போன வாரம் கச்சான் காற்று வலுத்த இரவில் என் அண்ணன் படகின் எஞ்சின் நின்றுபோய், அவர் மூன்று முறை எங்களை அழைத்திருக்கிறார்; எங்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. வேறொரு படகு அவரைக் கட்டி இழுத்து வந்ததால் நல்லபடியாகக் கரை சேர்ந்தார். அன்று முதல் எனக்குத் தூக்கமே இல்லை. கடையில் கேட்டால், கருவி பழையதாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

மண்டபம் மின்பணி:
தம்பி, பணத்தைச் செலவழிக்கும் முன் விளக்கைச் சோதியுங்கள். எல்.இ.டி.யே ரேடியோவைக் கெடுக்கும் இரைச்சலை எழுப்புவதில்லை. அதற்கு மின்னோட்டத்தைச் சீராகக் கொடுக்கும் 'டிரைவர்' என்ற சிறு சுற்றுதான் எழுப்புகிறது. அது நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புகிறது. வடிகட்டும் பாகங்களை மிச்சம் பிடித்துச் செய்த மலிவு விளக்குகளில், அந்த வெட்டலின் எதிரொலி பல மடங்கு உயர்ந்த அலைவரிசைகளிலும் பரவி, ஆபத்து அழைப்புக்கான சேனல் 16 இயங்கும் 156.8 மெகாஹெர்ட்ஸ் வரை வந்துவிடும். தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் அதில் மூழ்கிவிடும். யாரும் பேசாதபோது இரைச்சலை அடக்கும் 'ஸ்குவெல்ச்' திருகை நீங்கள் ஏற்றி வைத்திருந்தால் இரைச்சலும் கேட்காது, குரலும் கேட்காது. யாருமே அழைக்கவில்லை என்றே நினைப்பீர்கள். இதில் உண்மையான ஆபத்து அதுதான்.

இது நமக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018 ஆகஸ்டில் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. கப்பல்களை அடையாளம் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியும் 162 மெகாஹெர்ட்ஸை ஒட்டியே இயங்குவதால், அதுவும் கெடும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்ன சோதனை எளிது. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, யாரும் பேசாத சேனலுக்குப் போங்கள். இரைச்சல் கேட்கும் வரை ஸ்குவெல்ச்சைக் குறைத்து, பிறகு அது அடங்கும் இடம் வரை மட்டும் மெல்ல ஏற்றுங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். கருவி மறுபடி இரையத் தொடங்கினால் குற்றவாளி விளக்கேதான். ஒவ்வொரு விளக்காகத் தனித்தனியே செய்து பாருங்கள்.

தொண்டி வலைக்காரர்:
நான் சட்டைப்பை ரேடியோவை ஏ.எம். அலையில் வைத்து விளக்கின் அருகே கொண்டுபோய்ப் பார்ப்பேன். கொர்ரென்று இரைந்தால் அந்த விளக்கை வாங்க மாட்டேன்.

மண்டபம் மின்பணி:
அண்ணன் சொல்வது கடையில் வாங்கும்போது உதவும். ஆனால் ஏ.எம். அலைவரிசை மிகவும் கீழே இருப்பதால், அங்கே இரையும் விளக்கு வி.எச்.எஃப்.பில் அமைதியாக இருக்கவும் கூடும், நேர்மாறாகவும் கூடும். படகில் முடிவு சொல்ல வேண்டியது வி.எச்.எஃப். கருவிதான்.

பாம்பன் தென்கடல்:
இன்று மாலை படகு கரையில் நின்றபோது செய்து பார்த்தேன். முன்பக்க விளக்கு எந்த மாற்றமும் காட்டவில்லை. பின்பக்க விளக்கு இலேசாக இரைந்தது. கம்பத்து விளக்கைப் போட்டதும் கருவி வாய்விட்டு அலறியது. அந்த விளக்கை மட்டும் கழற்றித் தனி பேட்டரியில் மாட்டி, அதே இடத்தில் பிடித்துப் பார்த்தபோதும் இரைச்சல் பெரிதாகக் குறையவில்லை.

மண்டபம் மின்பணி:
தனி பேட்டரியிலும் குறையவில்லை என்றால், இரைச்சல் மின்கம்பி வழியாகக் கருவிக்குள் நுழையவில்லை. ஆன்டெனா பக்கமாகத்தான் நுழைகிறது. விளக்கின் கம்பியும் ஆன்டெனாவின் கோ-ஆக்சியல் கேபிளும் ஒரே கட்டாகக் கம்பத்தில் ஏறுகின்றனவா? கேபிள் முனையில் இருக்கும் இணைப்பானைத் திருகிக் கழற்றி உள்ளே பாருங்கள்.

பாம்பன் தென்கடல்:
ஆம், இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் பட்டியால் சேர்த்துக் கட்டியிருந்தோம். இணைப்பானைத் திறந்தபோது, உள்ளே பச்சைக் களிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. செம்புப் பின்னலைத் தொட்டதும் பாதி இழைகள் முறிந்து கையோடு வந்துவிட்டன.

மண்டபம் மின்பணி:
அந்தப் பின்னல்தான் கேபிளுக்குக் கவசம். அது அரித்துப்போனால், பக்கத்துக் கம்பியின் இரைச்சலைக் கேபிளே உறிஞ்சிக்கொள்ளும்; வர வேண்டிய குரலும் தேய்ந்துவிடும். செம்பு பளபளவென்று தெரியும் வரை கேபிளை வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்திருந்தால் உப்புநீர் இன்னும் உள்ளே ஏறியிருக்கிறது என்று பொருள். புதிய இணைப்பானைப் பற்றவைத்து, தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு பருவம்கூட நிற்காது.

விளக்குக் கம்பியை கேபிளிலிருந்து பிரித்துக் கம்பத்தின் மறுபுறம் கொண்டுபோங்கள். பிளஸ், மைனஸ் இரண்டையும் முறுக்கிச் சேர்த்து, விளக்கை ஒட்டிய இடத்தில், இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையத்துக்குள் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். ஒரு கம்பியை மட்டும் தனியே வளையத்துக்குள் நுழைக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்து போனால்தான் நேர்மின்னோட்டத்தின் காந்தவிசை ஒன்றையொன்று ஈடுசெய்து, ஃபெரைட் தன் வேலையைச் செய்யும். இத்தனைக்குப் பிறகும் இரைந்தால் அந்த விளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஐ.இ.சி. 60945 என்ற கடற்கருவித் தரநிலைக்கு உட்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். விலை கூடுதல்தான், இருந்தாலும் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பாம்பன் தென்கடல்:
கேபிளில் ஒன்றரை அடி வெட்டிய பிறகுதான் நல்ல செம்பு தெரிந்தது. கம்பியைப் பிரித்து, ஃபெரைட்டும் போட்டோம். பின்பக்க விளக்கு முற்றிலும் அடங்கிவிட்டது. கம்பத்து விளக்கு குறைந்தாலும் அடங்கவில்லை. அதைக் கழற்றி வைத்துவிட்டேன். நேற்றிரவு மற்ற இரண்டு விளக்குகளும் எரிந்துகொண்டிருக்க, அண்ணன் குந்துகால் பக்கமிருந்து அழைத்தார்; பெயரைச் சொல்லி அழைத்தது முதல் தடவையிலேயே கேட்டது. கருவி பழையதுதான், மாற்றவில்லை.

தொண்டி வலைக்காரர்:
எங்கள் படகிலும் இரண்டு கம்பிகளும் ஒரே கட்டாகத்தான் ஏறுகின்றன. நாளைக் காலையில் அவிழ்த்துப் பார்க்கிறேன்.