பென்டியம் 4 ஏன் 3.8 கிகாஹெர்ட்ஸிலேயே நின்றுவிட்டது?

கேள்வி:
2000 நவம்பரில் 1.5 கிகாஹெர்ட்ஸில் வந்த இன்டெல் பிராசஸர் பென்டியம் 4, நாலே வருஷத்தில் 3.8-ஐத் தொட்டுவிட்டது. அப்புறம் ஏன் ஏறவே இல்லை? 2006-ல் வந்த இன்டெலின் கோர் 2 டுயோ வெறும் 2.4-ல் ஓடியே அதைத் தூக்கிச் சாப்பிட்டது என்கிறார்கள். கேச் (பிராசஸருக்குள் இருக்கும் வேகமான சிறு நினைவகம்) பெரிதாக இருந்ததாலா?

பதில் 1:
கேச் ஒரு காரணம்தான், முக்கியமானது பைப்லைன், அதாவது கட்டளைகள் கட்டம் கட்டமாகக் கடந்துபோகும் வரிசை. பென்டியம் 4-இன் நெட்பர்ஸ்ட் வடிவமைப்பே கிளாக்கை (அந்த கிகாஹெர்ட்ஸ் வேகத்தை) ஏற்றுவதற்காகப் போட்டது. கட்டளை ஒன்றை 20 கட்டங்களாக உடைத்தார்கள், ஒவ்வொரு கட்டத்திலும் வேலை கொஞ்சம்தான், அதனால் கிளாக்கை ஏற்ற முடிந்தது. 2004-ல் பிரெஸ்காட் என்ற பென்டியம் 4 பதிப்பு வந்தபோது அது 31 ஆனது. நிரலில் 'இப்படியானால் இங்கே போ' என்று ஒரு கிளை வந்தால், எந்தப் பக்கம் போகும் என்று பிராசஸர் முன்கூட்டியே ஊகித்து அடுத்த கட்டளைகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஊகம் தப்பினால் தவறான பாதையில் இழுத்ததையெல்லாம் வீசிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும், பைப்லைன் எவ்வளவு நீளமோ அவ்வளவு நஷ்டம். கோர் 2-வில் 14 கட்டம்தான், அதோடு ஒரு கிளாக்குக்குச் செய்யும் வேலையும் அதிகம்.

பதில் 2:
அது சரி, ஆனால் 3.8-லேயே நின்றதற்குக் காரணம் சூடு. சிப் தயாரிப்பு முறை 130 நானோமீட்டரிலிருந்து இன்னும் நுணுக்கமான 90-க்கு இறங்கினால் மின்செலவு குறையும் என்று நம்பினார்கள். நடந்தது வேறு: டிரான்சிஸ்டர் (சிப்பில் உள்ள நுண்ணிய ஸ்விட்ச்) அணைந்திருக்கும்போதும் மின்சாரம் கசிந்தது. 3.8 மாடலுக்கு 115 வாட்! அடுத்து வரவேண்டிய டெஜாஸை 2004 மே மாதம் கைவிட்டார்கள், 4 கிகாஹெர்ட்ஸ் மாடலை அக்டோபரில்.

ஆனால் இதை வைத்து நெட்பர்ஸ்ட் மொத்தமும் மோசம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரெஸ்காட்டுக்கு முந்தைய பதிப்பான நார்த்வுட் அருமையான சிப், 2002 கடைசியில் ஹைப்பர் திரெடிங்கை (ஒரே பிராசஸர் இரண்டு பிராசஸர்போல வேலை செய்வது) டெஸ்க்டாப்புக்குக் கொண்டுவந்ததே அதன் 3.06 மாடல்தான்.

கேள்வி கேட்டவர்:
அப்போ கோர் 2-வைப் புதிதாக ஆரம்பித்தார்களா?

பதில் 3:
இல்லைங்க. இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த இன்டெல் குழு, லேப்டாப்புக்காக 2003-ல் பென்டியம் எம்-ஐக் கொண்டுவந்தது. அது பென்டியம் 3-இன் வழியில் வந்தது, பேட்டரி தாங்க வேண்டும் என்பதால் சூட்டையும் மின்செலவையும் முதலிலிருந்தே அடக்கி வடிவமைத்தார்கள். அந்த வழியை வளர்த்துத்தான் கோர் 2 வந்தது, டெஸ்க்டாப்பிலும் 65 வாட்டுக்குள் இரண்டு கோர் (கணக்கிடும் மையம்). இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: போட்டி நிறுவனமான ஏஎம்டி 2003-லேயே அத்லான் 64-இல் மெமரி கன்ட்ரோலரை (மெமரியோடு பேசும் பகுதியை) பிராசஸருக்குள் வைத்து, குறைந்த கிளாக்கிலேயே கேம்களில் பென்டியம் 4-ஐ முந்திக்கொண்டிருந்தது. அந்த நெருக்கடி இல்லாமல் இன்டெல் இவ்வளவு சீக்கிரம் பாதையை மாற்றியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.