டிஸ்னியாவா, டிஸ்ப்னியாவா? எல்லா டிஸ்ஸும் ஒன்றா?

மஞ்சக்குப்பம்_மாணவி:
வணக்கம். கடலூரில் பி.எஸ்சி. நர்சிங் முதல் வருஷம், பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். வார்டில் கேஸ் ஷீட்டைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள், நான் ‘டிஸ்னியா’ என்று படித்தேன், கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள், ‘டிஸ்ப்னியா’ என்று படிக்க வேண்டுமாம். நியூமோனியாவில் ‘பி’ சத்தம் வராது என்று போன வாரம்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதே ‘பி’, ‘என்’ எழுத்துகள் இங்கேயும் இருக்கிறதே, இங்கே மட்டும் ஏன் ‘ப்’ வருகிறது? இன்னொன்று. டிஸ்ஃபேஜியா, டிஸ்ஃபேஸியா, டிஸ்பெப்ஸியா, டிஸ்யூரியா, கூடவே டிஸ்சார்ஜ், டிசீஸ்... எல்லாம் ஒரே டிஸ்தானா? நோட்டில் தமிழில் எழுதி மனப்பாடம் செய்கிறேன், அதில் எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது.

கெடிலக்கரை:
சிரித்தவர்களைக் கேட்டுப்பார் தங்கச்சி, பாதிப்பேருக்குக் காரணம் தெரியாது. இங்கிலீஷ்காரன் வாயில் ‘ப்ன’ என்று ஒரு சொல் தொடங்காது, அதனால் முதலில் வரும் ‘ப்’பை விழுங்கிவிடுவான். முன்னால் வேறு சத்தம் வந்துவிட்டால் ‘ப்’ அதில் ஒட்டிக்கொள்ளும். டிஸ்ப்-னியா. ஏப்னியா (மூச்சு நின்றுபோவது), ஆர்தாப்னியா எல்லாம் இதே கதைதான். ‘ப்னியா’ என்றால் மூச்சு, ‘டிஸ்’ என்றால் கஷ்டம், கோளாறு. ஆக, மூச்சுத் திணறல். படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் தேவலை என்பார்களே, அது ஆர்தாப்னியா.

டிஸ்சார்ஜ், டிஸ்லொகேஷன் வேறு சாதி. அது லத்தீன், ‘ஐ’ போட்டு எழுதுவது, பிரிவது, விலகுவது என்று பொருள். நம் டிஸ் கிரேக்கம், ‘ஒய்’ போட்டு எழுதுவது. தமிழில் எழுதினால் இந்த ஒய் காணாமல் போய்விடும், உன் குழப்பம் அங்கேதான்.

ஆனால் பயப்பட வேண்டியது டிஸ்ப்னியாவுக்கு அல்ல, அந்த ஃபேஜியா, ஃபேஸியாவுக்கு. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவர். பேச்சுதான் குழறியது, விழுங்குவதில் பிரச்சினை இல்லை. டாக்டர் போனில் சொன்னது டிஸ்ஃபேஸியா, அதாவது பேச்சுக் கோளாறு; ஷீட்டில் ஏறியது டிஸ்ஃபேஜியா, அதாவது விழுங்குவதில் கோளாறு. அவ்வளவுதான், வாய்வழி ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று கட்டில் தலைமாட்டில் அட்டை தொங்கிவிட்டது. மனுஷன் காலையிலிருந்து வாயைத் தொட்டுத்தொட்டுக் காட்டுகிறார், நாங்கள் என்னடா என்றால் பேச முயற்சி பண்ணுகிறார் போல என்று ‘மெதுவா பேசுங்கப்பா, அவசரமில்ல’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். பசி என்று சொல்லத்தானே அவரால் முடியாது! சாயங்காலம் டாக்டர் வந்து ஷீட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, ஸ்பூனில் தண்ணீர் கொடுத்து விழுங்குகிறாரா என்று சோதித்த பிறகுதான் அவர்கூட இருந்த அம்மா இட்லியைப் பாலில் குழைத்து ஊட்டினார். ஷீட்டில் அதைத் தப்பாக எழுதியது நான்தான்.

‘ஃபேஜ்’ என்றால் தின்பது. மைக்ரோபயாலஜியில் கிருமியைத் தின்னும் மாக்ரோஃபேஜ் படித்திருப்பாயே, அதே ஃபேஜ். ஃபேஸியா பேச்சு. இந்தக் குழப்பத்துக்குப் பயந்தே பல இடங்களில் டிஸ்ஃபேஸியாவை விட்டுவிட்டு அஃபேஸியா என்றே எழுதுகிறார்கள். நீயும் அப்படியே எழுது.

முத்தியால்பேட்டை_வாசி:
நான் மருத்துவம் படித்தவன் இல்லை, பாண்டிச்சேரிக்காரன், அதனால் ஒரு வார்த்தை. இந்த ‘ப்’பை விழுங்கும் பழக்கம் இங்கிலீஷில்தான். எங்கள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, அவர் வாயில் நியூமோனியா ‘ப்நெமொனி’, சைக்காலஜி ‘ப்ஸிகொலொஜி’. உதட்டை ஒட்டித் திறந்து ‘ப்’ என்று வெடிப்பார், எதிரில் நிற்பவர் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். எனவே உன்னைப் பார்த்துச் சிரித்தவர்களை அவர் பார்த்து, ‘நியூமோனியாவா? பாதி எழுத்து எங்கே போச்சு?’ என்று சிரித்திருப்பார்.

டிசீஸும் கிரேக்கம் இல்லை, பழைய பிரெஞ்சு. அதில் ‘எஸ்’ என்ற சொல்லுக்குச் சுகம், வசதி என்று பொருள், அது இல்லாத நிலை டிசீஸ். உடம்பு அசதிக்கு மலேஸ் என்று எழுதுகிறார்களே, அதிலும் இதே எஸ்தான்.

அப்புறம் கிரேக்க டிஸ் நமக்கு அன்னியமே இல்லை. சமஸ்கிருதத்தின் துஸ் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. துர்நாற்றம், துர்மரணம், துஷ்பிரயோகம் என்று நாம் தினமும் சொல்கிற துர், துஷ் எல்லாம் அதுதான். டிஸ்ப்னியாவை ‘துர்மூச்சு’ என்று நினைத்துக்கொள், பரீட்சையில் எழுதிவிடாதே.

சோடாகடை:
டிஸ்பெப்ஸியா பற்றி யாரும் சொல்லவில்லையே. பெப்ஸிஸ் என்றால் செரிமானம். 1898-ல் கேலப் பிராடம் என்ற அமெரிக்க மருந்துக்கடைக்காரர் தன் பானத்துக்கு பெப்ஸி கோலா என்று பெயர் வைத்தது அந்தச் சொல்லை வைத்துத்தான். பிரியாணிக்கு அப்புறம் ‘கலர்’ கேட்டு வருபவர்களுக்கு இதைச் சொன்னால் இன்னொரு பாட்டில் கேட்பார்கள்.

மஞ்சக்குப்பம்_மாணவி:
எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன பெரியவர் கதையைப் படித்துவிட்டு அந்த இரண்டு சொல்லையும் சிவப்பு மையில் இங்கிலீஷிலேயே எழுதிவிட்டேன். கடைசியாக ஒன்று, டிஸ்யூரியாவா, டிசூரியாவா?

கெடிலக்கரை:
டிஸ்-யூ-ரியா. யூரின், யூரியாவில் வரும் யூ. ஆனால் அதை ஷீட்டில் எழுது, கட்டில் பக்கத்தில் நின்று கேட்காதே. ‘நீர்க்கடுப்பு இருக்காம்மா?’ என்று கேள். எத்தனை நாளாக, எரிச்சலா, சொட்டுச்சொட்டாகவா என்பது வரை அவர்களே சொல்லிவிடுவார்கள்.